பல்லில் ஒட்டியது ஒட்டியபடி நிற்க: பாண்டிங் படிப்படியாக, தண்ணீர்க் கணக்கோடு

பல் நிறத்திலான காம்போசிட் ஃபில்லிங் வைத்து அனுப்பும் அன்றைக்கு எல்லாருடைய பாண்டிங்கும், அதாவது அதைப் பல்லோடு ஒட்டும் வேலையும், நல்ல பாண்டிங்தான். கண்ணாடியில் பார்த்தால் பல் எது, காம்போசிட் எது என்று தெரியாது, எக்ஸ்-ரேயிலும் குறை இருக்காது, நோயாளி சந்தோஷமாகப் போய்விடுவார். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே ஆள் திரும்பி வரும்போதுதான் கதை தெரியும். ஓரத்தில் பழுப்புக் கோடு ஓடியிருக்கும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், இல்லையென்றால் ஈறு ஓரத்தில் வைத்த ஃபில்லிங் முழுசாகக் கழன்று ஒரு காகிதத்தில் மடித்துக் கைக்கு வரும்.

அப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி, "எந்த பாட்டில் நல்லது?" என்பதுதான். பாட்டில், அதாவது ஒட்டும் திரவம், முக்கியம், அதையும் சொல்கிறேன். ஆனால் ஒட்டு நீடிப்பதை முடிவு செய்வது முதல் நாள் அது எத்தனை மெகாபாஸ்கல் (ஒட்டு வலிமையை அளக்கும் அலகு) தாங்கியது என்பது இல்லை. உள்ளே எவ்வளவு தண்ணீரை விட்டுவிட்டு மூடினீர்கள், பிறகு எவ்வளவு தண்ணீர் உள்ளே போக வழி வைத்தீர்கள், இந்த இரண்டும்தான். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கணக்கோடு படித்தால் எதைச் செய்ய வேண்டும் என்பதோடு ஏன் என்பதும் பிடிபடும். பல் மருத்துவ மாணவர்களையும் புதிதாக பிராக்டிஸ் தொடங்கியவர்களையும் நினைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் தன் வாயில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் யாரும் படிக்கலாம்.

முதலில், எதன் மேல் ஒட்டுகிறோம்?

ஒரே பல்லில் இரண்டு வேறு பொருட்கள். பல்லின் வெளி ஓடான எனாமல் எடையில் ஏறக்குறைய 96% கனிமம். காயவைத்தால் காய்ந்துவிடும், அமிலம் வைத்தால் அழகாக அரிக்கும், அரித்த நுண்குழிகளுக்குள் ரெசின் (ஒட்டும் பிசின்) இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். மைக்கேல் பூனகோர் 1955-இல் 85% பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைத் தேய்த்து அக்ரிலிக்கை ஒட்டிக் காட்டியது இதைத்தான். அடிப்படை இன்றும் மாறவில்லை, அமிலத்தின் அளவுதான் 37% பக்கம் இறங்கியிருக்கிறது. ஒழுங்காக எட்ச் செய்த, அதாவது அமிலத்தால் அரித்த, எனாமல் ஒட்டு பல வருடம் நிற்கும், அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் வேறு ரகம். எடையில் சுமார் 70% கனிமம், 20% கொலாஜன் முதலான கரிமப்பொருள், மீதி 10% தண்ணீர். போதாததற்கு அதில் குழாய்கள் வேறு. பல்கூழ் பக்கமிருந்து வெளியே வரை ஓடும் இந்த நுண்குழாய்கள் வெளிப்பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20,000 என்ற அளவில் மெல்லியதாக இருக்கும், கூழை நெருங்க நெருங்க எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலாகி, விட்டமும் பெரிதாகும். உயிருள்ள பல்லில் உள்ளிருந்து வரும் அழுத்தத்தால் திரவம் எப்போதும் மெதுவாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதாவது நீங்கள் மேலே எவ்வளவு காற்று ஊதினாலும் ஆழமான டென்டின் கீழேயிருந்து தன்னைத்தானே நனைத்துக்கொள்ளும். ஈரம் ஊறிவரும் சுவருக்கு பெயின்ட் அடிப்பது போன்ற வேலை இது.

டென்டினில் அமிலம் வைத்தால் மேலே உள்ள சில மைக்ரோமீட்டர் கனிமம் கரைந்து, கொலாஜன் இழைகள் மட்டும் வலை போல நிற்கும். அந்த வலைக்குள் ரெசின் ஊறி உறைந்தால் கிடைக்கும் கலப்பு அடுக்குதான் ஹைப்ரிட் லேயர். நகாபயாஷியும் அவரது குழுவும் 1982-இல் இதை விவரித்தார்கள். பாண்டிங் பற்றி நாம் பேசும் அநேகமான நல்லதும் கெட்டதும் இந்தச் சில மைக்ரோமீட்டருக்குள் நடப்பதுதான்.

ஒட்டு எப்படிக் கெடுகிறது?

இரண்டு பக்கமிருந்து கெடுகிறது. ஒரு பக்கம் ரெசின், இன்னொரு பக்கம் கொலாஜன்.

ரெசின் பக்கம் முதலில். ஈரமான டென்டினுக்குள் நுழைய வேண்டுமென்றால் ரெசினுக்கே தண்ணீரோடு கொஞ்சம் நட்பு வேண்டும். அதனால்தான் ஹெமா போன்ற நீர்விரும்பி மோனோமர்களை (உறையும்போது ஒன்றாக இணைந்து ரெசினாகும் சிறு மூலக்கூறுகளை) சேர்க்கிறார்கள். உள்ளே போக உதவிய அதே குணம் பிறகு வினையாகிறது. உறைந்த பின்னும் அது தண்ணீரை உறிஞ்சும், உப்பும், மென்மையாகும். மெதாக்ரிலேட்டுகளில் உள்ள எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீரே மெல்ல மெல்ல உடைக்கும், உமிழ்நீரிலும் பாக்டீரியாவிலும் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் அதை இன்னும் வேகமாக்கும். சரியாகப் பாலிமராகாத துண்டுகள் கரைந்து வெளியேற, அந்த இடத்தில் மறுபடியும் தண்ணீர் வந்து உட்காரும்.

கொலாஜன் பக்கம் கொஞ்சம் விசித்திரம். ரெசின் முழுசாக உறையிடாத இழைகள் ஹைப்ரிட் லேயரின் அடியில் அம்மணமாக நிற்கும். அதைத் தின்பதற்கு வெளியேயிருந்து பாக்டீரியா வர வேண்டியதில்லை. பல் உருவானபோதே டென்டினுக்குள் சிறைப்பட்ட நொதிகள் அங்கேயே இருக்கின்றன. மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டீனேஸ், சுருக்கமாக எம்.எம்.பி. என்பார்கள். அதோடு கதெப்சின்களும் உண்டு. நம் அமிலம் கனிமத்தைக் கரைத்ததும் அவை வெளிப்பட்டு விழித்துக்கொள்கின்றன. 2004-இல் வந்த ஆய்வுகள் பாக்டீரியா இல்லாத சூழலிலேயே, அமிலம் பட்ட டென்டின் கொலாஜன் சிதைவதைக் காட்டின. இந்த நொதிகள் வேலை செய்யவும் தண்ணீர் வேண்டும். நொதி கொலாஜனை வெட்டுவதே நீரைப் பயன்படுத்தித்தான். ரெசின் இழைகளைச் சுற்றி முழுதாக நிரம்பி, தண்ணீர் இல்லாமல் செய்துவிட்டால் நொதிக்கும் பிழைப்பு இல்லை.

சோதனைச்சாலையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் இடைவெளி எதுவும் இல்லாத ஹைப்ரிட் லேயருக்குள்ளும் வெள்ளித்துகள் புகுந்திருப்பது எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தெரியும். இதற்கு நானோலீக்கேஜ் என்று பெயர். சில ஒட்டுகளில் வெள்ளி மரக்கிளை போலவே பரவியிருக்கும், தண்ணீர் ஓடிய வழிகள் அவை.

சரி, இனி படிகளுக்கு வருவோம்.

படி 1: பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது

கடைக்காரர் சொல்லும் தலைமுறை எண்களை மறந்துவிடுங்கள், ஏழாம் தலைமுறை நாலாம் தலைமுறையைவிடச் சிறந்தது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. உண்மையில் நீண்டகால ஆய்வுகளில் தலைநிமிர்ந்து நிற்பவை இரண்டு பழசுகள். ஒன்று, எட்ச், பிரைமர், பாண்ட் என்று மூன்றும் தனித்தனியாக உள்ள வகை, ஆப்டிபாண்ட் எஃப்.எல். இதற்கு நல்ல உதாரணம். இன்னொன்று, எட்ச் செய்து கழுவத் தேவையில்லாத, மிதமான அமிலத்தன்மை கொண்ட இரண்டு பாட்டில் செல்ஃப்-எட்ச், கிளியர்ஃபில் எஸ்.இ. பாண்ட் அதற்கு உதாரணம். இரண்டையும் 13 வருடம் வரை மனிதர்களின் வாயில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், பெரும்பாலானவை விழவில்லை.

ஏன் இவை நிற்கின்றன? இரண்டிலும் கடைசியாகப் போடும் அடுக்கு தண்ணீரை விரும்பாத, கரைப்பான் ஏறக்குறைய இல்லாத கெட்டியான ரெசின். பிரைமர் ஈரத்தோடு சமாதானம் பேசும், பாண்ட் மேலே வந்து கதவைச் சாத்தும். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டதும் இந்த இரண்டு வேலையும் ஒன்றாகக் குழம்பிவிட்டது. ஆரம்பகால ஒற்றைப் பாட்டில் செல்ஃப்-எட்ச்கள் உறைந்த பிறகும் சல்லடை மாதிரி தண்ணீரை மேலே வரவிட்டன, அந்த ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இன்றும் ஒற்றைப் பாட்டில் என்றால் கொஞ்சம் கசக்கும்.

இப்போதைய யுனிவர்சல் வகை, அதாவது தனியாக எட்ச் செய்தும் செய்யாமலும் பயன்படுத்தும் ஒற்றைப் பாட்டில், 2011-இல் ஸ்காட்ச்பாண்ட் யுனிவர்சல் வந்த பிறகு பரவியது, அவற்றைவிட மேல். காரணம் பெரும்பாலும் 10-எம்.டி.பி. என்ற மோனோமர். அது டென்டினில் மீந்திருக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட்டின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பு வைத்துக்கொள்கிறது, அதில் உருவாகும் கால்சிய உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது, சுமார் 4 நானோமீட்டர் தடிப்பில் அடுக்கடுக்காக அமைகிறது. இந்த மூலக்கூறு குராரே நிறுவனத்திடமிருந்து 1980களிலேயே வந்துவிட்டது, அதன் அருமை பலருக்கும் புரிய இருபது வருடம் ஆனது.

செல்ஃப்-எட்ச் வாங்கும்போது பி.ஹெச். பாருங்கள். 2-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் மிதமானது, டென்டினில் கனிமத்தை முழுதாக உரிக்காமல் விட்டுவைக்கும். 1-க்குக் கீழே போகும் கடும் வகைகளின் சரித்திரம் டென்டினில் நன்றாக இல்லை.

படி 2: வாயிலிருந்து பல்லைப் பிரிப்பது

ரப்பர் டேம், அதாவது பல்லை மட்டும் வெளியே விடும் ரப்பர் திரை, போடுங்கள். உமிழ்நீர், ரத்தம் எல்லாருக்கும் தெரிந்த எதிரிகள், பலர் மறப்பது மூச்சுக்காற்றை. வாய்க்குள் காற்று உடல்சூட்டில், ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிறது. கரைப்பானை ஊதி ஆவியாக்க வேண்டிய நேரத்தில் சுற்றியிருக்கும் காற்றே ஈரமாக இருந்தால் அது எங்கே போகும்? டேம் போட முடியாத இடத்தில் பஞ்சுருளை, நல்ல உறிஞ்சி, ஈறு ஓரத்தில் நூல், இவற்றோடு வேகமும் வேண்டும்.

பாண்ட் போட்டு உறையவைப்பதற்கு முன் எச்சில் பட்டுவிட்டால் துடைத்துவிட்டுத் தொடராதீர்கள். கழுவி, காயவைத்து, பாண்டை மறுபடி முதலிலிருந்து தடவுங்கள். ரத்தம் என்றால் இன்னும் கறாராக.

படி 3: பரப்பைத் தயார் செய்வது

சொத்தையில் மென்மையான, தொற்றுள்ள டென்டினை எடுக்க வேண்டும், ஆனால் கூழுக்குப் பக்கத்தில் சற்று நிறம் மாறிய, கெட்டியான டென்டினைத் துரத்திக்கொண்டு போகக்கூடாது. அங்கே ஒட்டு ஆரோக்கியமான டென்டினைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், அது உண்மை. கனிமம் குறைந்து தண்ணீர் கூடிய டென்டின் அது. அதற்குப் பரிகாரம் இன்னும் ஆழமாகத் தோண்டுவது இல்லை, சுற்றிலும் நல்ல டென்டினும் எனாமலும் ஒரு வளையமாகக் கிடைக்கும்படி ஓரங்களைச் சுத்தமாக வைப்பது.

இந்த வளையம்தான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பாண்ட் செய்த மாதிரிகளை நான்கு வருடம் தண்ணீரில் வைத்துப் பார்த்த சோதனையில், டென்டின் ஒட்டு நேரடியாகத் தண்ணீர் படும்படி இருந்தவை மோசமாகத் தேய்ந்தன, சுற்றி எனாமல் ஒட்டு வேலி போட்டிருந்தவை தாக்குப்பிடித்தன. ஓரம் முழுக்க எனாமல் இருந்தால் நடுவில் உள்ள பலவீனமான டென்டின் ஒட்டுக்குத் தண்ணீர் போக வழியே அடைபடுகிறது. எனவே முன்பற்களிலும் கழுத்துப் பகுதியிலும் எனாமல் ஓரத்தைச் சாய்வாகச் செதுக்குங்கள். தொங்கிக்கொண்டிருக்கும், ஆதாரமில்லாத எனாமல் நுனிகளை மெல்லிய வைரப் பர்ரால் (சுழலும் செதுக்குமுனையால்) நீவி விடுங்கள்.

கழுத்துப் பகுதித் தேய்மானத்தில் பளபளவென்று மஞ்சளாக இருக்கும் டென்டின் ஏமாற்றும். குழாய்கள் கனிமத்தால் அடைபட்டு, மேலே அமிலத்தை எதிர்க்கும் ஒரு படலம் இருக்கும். அதை அப்படியே எட்ச் செய்து ஒட்டினால் விழும். பர்ரால் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 4: எட்ச்

எனாமலுக்கு 37% பாஸ்பாரிக் அமிலம், 15 முதல் 30 நொடி. பர் படாத எனாமலிலும் பால் பற்களிலும் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படும்.

டென்டினுக்கு, எட்ச் செய்து கழுவும் முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்றால் 15 நொடிக்கு மேல் வேண்டாம். நேரம் கூடினால் அமிலம் ஆழமாக இறங்கும், ரெசின் அதே ஆழத்துக்குப் போகாது, அடியில் அம்மணக் கொலாஜன் மிஞ்சும். அதனால் அமிலத்தை முதலில் எனாமலில் வைத்து, அங்கே பத்துப் பதினைந்து நொடி ஓடிய பிறகு டென்டினுக்கு நகர்த்துங்கள். கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது, குறைந்தது அமிலம் வைத்த நேரம் அளவுக்காவது கழுவ வேண்டும்.

என் கட்சி எது என்று கேட்டால், எனாமலை மட்டும் எட்ச் செய்து, டென்டினைச் செல்ஃப்-எட்சிடமோ யுனிவர்சலிடமோ விட்டுவிடும் முறைதான். எம்.டி.பி. பிடித்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும், அந்தக் கால்சியத்தை நாமே அமிலம் வைத்துக் கழுவி விடுவதில் என்ன லாபம்? அமிலம் தெரியாமல் சிறிது டென்டினில் வழிந்தால் உலகம் அழிந்துவிடாது, ஆனால் பழக்கமாக்காதீர்கள். எனாமலை எட்ச் செய்யாமல் விடுவதும் தவறு, மிதமான செல்ஃப்-எட்ச் தனியாக எனாமலில் போதுமான அளவு அரிக்காது, ஓரத்தில் நிறக்கோடு சீக்கிரம் வரும்.

படி 5: ஈரம் எவ்வளவு?

எட்ச் செய்து கழுவிய டென்டினுக்குத்தான் இந்தத் தலைவலி. ரொம்பக் காயவைத்தால் தாங்குவதற்குக் கனிமம் இல்லாத கொலாஜன் வலை சரிந்து ஒட்டிப்போகும், ரெசின் நுழைய இடமிருக்காது. ரொம்ப ஈரமாக விட்டால் ரெசின் நீர்த்துப்போகும், பாலிமராவது கெடும், தண்ணீர்க் குமிழ்கள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். 1990களின் தொடக்கத்தில் ஈரமான டென்டினில் ஒட்டும் முறை பிரபலமானது முதல் பிரச்சினைக்காக, ஆனால் பலர் இரண்டாவது பிரச்சினையில் போய் விழுந்தார்கள்.

நடைமுறையில், சிரிஞ்சால் ஊதிக் காயவைக்காமல், ஈரமான பஞ்சையோ உறிஞ்சும் தாளையோ வைத்து ஒற்றி எடுங்கள். பரப்பு மினுமினுக்க வேண்டும், குளம் கட்டக்கூடாது. அதிகமாகக் காய்ந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் ஈரமான மைக்ரோபிரஷால் தொட்டு நனைத்துவிடலாம், சரிந்த வலை மறுபடி எழும்பும். அசிட்டோன் கரைப்பானுள்ள பாட்டில்கள் இதில் மிகவும் கோபக்காரர்கள். பிரைமரிலேயே தண்ணீர் உள்ளவை கொஞ்சம் மன்னிக்கும்.

செல்ஃப்-எட்சில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை, மெதுவாகக் காயவைத்தால் போதும். இதுவும் நான் அந்தக் கட்சிக்குப் போனதற்குக் காரணம்.

படி 6: நொதியை அடக்குவது, வேண்டுமென்றால்

குளோர்ஹெக்சிடின் எம்.எம்.பி.-களைத் தடுக்கும். எட்ச் செய்து கழுவிய பிறகு 2% கரைசலை 30 முதல் 60 நொடி டென்டினில் தடவி, அதிகப்படியை ஒற்றிவிட்டு, கழுவாமல் பிரைமர் போடுவது வழக்கம். சோதனைச்சாலையிலும், வாயிலேயே வைத்துப் பிறகு எடுத்துப் பார்த்த பற்களிலும் சில மாதங்களுக்கு ஹைப்ரிட் லேயர் நன்றாக நின்றது. ஆனால் அது கொலாஜனோடு நிரந்தரமாகப் பிணைவதில்லை, மெல்லக் கசிந்து போய்விடும். கழுத்துப் பகுதி ஃபில்லிங்குகளை ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவ ஆய்வுகளில் விழும் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. எனவே செய்தால் கெடுதல் இல்லை, செய்துவிட்டோம் என்று மற்ற படிகளில் அசட்டையாக இருந்தால் கெடுதல். கொலாஜனைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்கும் கார்போடைமைடு, திராட்சை விதையிலிருந்து எடுக்கும் புரோஆந்தோசயனிடின் போன்றவை ஆய்வில் இருக்கின்றன.

படி 7: தடவுவதும் ஊதுவதும்

என் கணிப்பில், நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அதிகப் பேர் சொதப்புவது இங்கேதான்.

பாட்டிலிலிருந்து சொட்டை முன்கூட்டியே கிண்ணத்தில் விட்டு வைக்காதீர்கள். கரைப்பான் பறந்துவிட்டால் நீங்கள் தடவுவது வேறு பொருள். மூடியை உடனே மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கும் வகை என்றால் பயன்படுத்துவதற்கு முன் அறை வெப்பத்துக்கு வரட்டும், குளிர்ந்த ரெசின் கெட்டியாக இருக்கும், கரைப்பானும் ஆவியாக மறுக்கும்.

மைக்ரோபிரஷால் சும்மா பூசிவிட்டு நிற்காமல், முழு 20 நொடியும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள். தேய்ப்பது மோனோமரை உள்ளே தள்ளும், செல்ஃப்-எட்சில் புதிய அமில மோனோமரைப் பரப்புக்குக் கொண்டுவரும், கரைப்பானையும் தண்ணீரையும் கிளப்பிவிடும். செலவில்லாமல் ஒட்டை நீடிக்கவைக்கும் வழி இதைவிட வேறு எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பாருங்கள், மனக்கணக்கில் 20 நொடி என்பது எப்போதும் எட்டு நொடியாகத்தான் முடியும்.

அடுத்து ஊதுவது. முதலில் தூரத்திலிருந்து மெதுவாக, பிறகு கொஞ்சம் கிட்டே, திரவம் அலையாடுவது முழுதாக நிற்கும் வரை. ஐந்து நொடி என்று தாளில் எழுதியிருந்தாலும் ஆழமான கேவிட்டியில் (பல்லில் செதுக்கிய குழியில்) அது போதாமல் போகலாம், அலை நின்றதா என்பதுதான் அளவுகோல். மிஞ்சிய எத்தனாலோ தண்ணீரோ உறைந்த ரெசினுக்குள் ஓட்டையாகத் தங்கும். ஊதுவதற்கு முன் சிரிஞ்சைக் கண்ணாடியின் மேல் ஊதிப் பாருங்கள், நீர்த்துளியோ எண்ணெயோ வந்தால் இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் வீண்.

இடையில் ஒரு வார்த்தை: கையுறை போட்டிருக்கிறோம் என்று பாண்டை விரலால் தொடாதீர்கள். ஹெமா சில நிமிடங்களிலேயே சாதாரணக் கையுறை வழியாகத் தோலுக்குப் போய்விடும், அலர்ஜி ஒருமுறை வந்தால் பிறகு அந்தத் தொழிலே கஷ்டம்.

படி 8: லைட்

பாண்டை 10 நொடி உறையவைத்தால் போதும் என்று போட்டிருக்கும், நான் 20 வைப்பேன். கேவிட்டியின் அடித்தளம் லைட்டின் முனையிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போது, முனையில் இருக்கும் ஒளி வலிமை அங்கே இருக்காது. பக்கத்துப் பல்லோடு சேரும் பெட்டியின் ஈறு ஓரம் அடிக்கடி தோற்பதற்கு இது ஒரு பெரிய காரணம், போதாக்குறைக்கு அங்கே எனாமலும் மெல்லியதாகவோ இல்லாமலோ இருக்கும். பெரும்பாலான ரெசின்களில் ஒளியை வாங்குவது கேம்ஃபர்குவினோன், அது அதிகம் உறிஞ்சுவது 470 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை. லைட்டை மாதம் ஒருமுறையாவது ரேடியோமீட்டரில் அளந்து, அதே மீட்டரில் முந்தைய அளவோடு ஒப்பிடுங்கள். முனையில் ஒட்டிய காய்ந்த காம்போசிட்டைச் சுரண்டி எடுங்கள். ஆரஞ்சுக் கண்ணாடி போட்டுக்கொண்டு லைட்டைப் பார்த்தபடியே பிடியுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டால் கை நகர்ந்துவிடும்.

படி 9: மேலே மூடுவது

ஒற்றைப் பாட்டில் பயன்படுத்தினால், அதை உறையவைத்த பிறகு மேலே நீர்விரும்பாத, கரைப்பானில்லாத பாண்ட் ரெசின் ஒரு மெல்லிய கோட் போட்டு மறுபடி உறையவையுங்கள். ஒற்றைப் பாட்டிலை இரட்டைப் பாட்டிலாக மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். எளிதில் வழிந்தோடும் ஃப்ளோவபிள் காம்போசிட்டை அரை மில்லிமீட்டர் அளவு பரப்புவதும் இதே மாதிரி உதவும்.

அதன் பிறகு காம்போசிட் உறையும்போது சுருங்கும், கொள்ளளவில் ஏறக்குறைய 2 முதல் 3% வரை. கேவிட்டி ஆழமான பெட்டியாக இருந்து நாலு சுவரும் அடியும் ஒட்டியிருந்தால் அந்தச் சுருக்கம் முழுவதும் இளம் ஒட்டின் மேல் இழுவையாக விழும். சாதாரணக் காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காத சிறு துண்டுகளாக, எதிரெதிர்ச் சுவர்களை ஒரே துண்டால் இணைக்காமல் வையுங்கள். ஒட்டு அன்றைக்கே ஓரிடத்தில் கிழிந்தால், தண்ணீருக்கு நீங்களே கதவைத் திறந்து கொடுத்த மாதிரி.

சத்தமில்லாமல் கெடுப்பவை

யூஜினால் உள்ள தற்காலிக ஃபில்லிங்கின் மிச்சம் பாலிமராவதைத் தடுக்கும், அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பற்களை வெளுத்த உடனே பாண்ட் செய்தால் உள்ளே தங்கிய ஆக்சிஜன் அதே வேலையைச் செய்யும், ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். ரூட் கெனாலில் பயன்படுத்திய சோடியம் ஹைப்போகுளோரைட்டும் டென்டினை ஆக்சிஜனேற்றிவிடும், அஸ்கார்பிக் அமிலக் கரைசல் அதைப் பெருமளவு சரிசெய்யும். ரத்தத்தை நிறுத்த வைத்த அலுமினியம் குளோரைடு பரப்பில் இருந்தால் செல்ஃப்-எட்ச் ஒழுங்காகப் பிடிக்காது, நன்றாகக் கழுவி எடுங்கள்.

இன்னொன்று, போஸ்ட் (வேருக்குள் வைக்கும் தண்டு), கோர் (அதன் மேல் கட்டும் அடித்தளம்) வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது. அமிலத்தன்மை அதிகமான ஒற்றைப் பாட்டில்களின் மேல், தானாக உறையும் காம்போசிட்டை வைத்தால் ஒட்டுமிடம் உறையாமலேயே போகலாம். உறையவைக்கும் அமீனை அமில மோனோமர் தின்றுவிடுகிறது. அந்தப் பாட்டிலுக்கென்று தரும் ஆக்டிவேட்டரையோ, நீர்விரும்பாத தனி அடுக்கையோ பயன்படுத்துங்கள்.

விளம்பர எண்களைப் படிப்பது எப்படி?

24 மணி நேரத்தில் எடுத்த மெகாபாஸ்கல் எண்ணை மட்டும் காட்டினால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் தண்ணீரில் வைத்த பின் எவ்வளவு மிஞ்சியது என்று தேடுங்கள். 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாற்றி மாற்றி முக்கும் தெர்மோசைக்ளிங் சோதனையில் ஐ.எஸ்.ஓ. சொல்லும் 500 சுழற்சி மிகக் குறைவு, வாயில் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுழற்சி என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு, பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒட்டிய பல்லைச் சிறு சிறு குச்சிகளாக வெட்டித் தண்ணீரில் வைத்தால், தண்ணீர் நடுவரை போக அரை மில்லிமீட்டர்தான் தூரம், எனவே வேகமாக முதுமையடையும். முழுப் பல்லாகவே வைத்துப் பிறகு வெட்டியிருந்தால் எண் அழகாக இருக்கும். இரண்டையும் ஒப்பிடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் வாய். சொத்தையில்லாத கழுத்துத் தேய்மானத்தில் வைத்த ஃபில்லிங் எத்தனை வருடம் நின்றது என்பதுதான் ஒட்டுக்கு நேர்மையான பரீட்சை. அந்தக் குழியில் பிடித்து வைக்க இயந்திரப் பிடிப்பு எதுவும் கிடையாது, ஒட்டு போனால் ஃபில்லிங் போச்சு. அமெரிக்கப் பல் மருத்துவ சங்கத்தின் பழைய அளவுகோலில் 18 மாதத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் விழக்கூடாது என்று இருந்தது, இன்று நாம் எதிர்பார்ப்பது அதைவிட மிக அதிகம்.

திரும்பி வரும்போது

ஓரத்தில் நிறக்கோடு தெரிந்தவுடன் பர்ரை எடுக்காதீர்கள். நிறம் என்பது சொத்தை இல்லை. கோடு மேலோட்டமாக இருந்தால் பாலிஷ் செய்தாலே போய்விடலாம். ஓரத்தில் சிறு பள்ளம் மட்டும் என்றால் முழுதாக எடுக்காமல் பழுது பாருங்கள். முழுதாக எடுக்கும்போதெல்லாம் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்தே போகும், மறுபடி ஒட்டும்போது இன்னும் ஆழமான, இன்னும் ஈரமான டென்டினில் ஒட்ட வேண்டியிருக்கும். பழைய காம்போசிட்டைப் பர்ராலோ 50 மைக்ரோமீட்டர் அலுமினாத் துகளாலோ சொரசொரப்பாக்கி, அமிலத்தால் சுத்தம் செய்து, சிலேன் (பழையதோடு புதியதை இணைக்க உதவும் திரவம்), பாண்ட், புதுக் காம்போசிட் என்ற வரிசையில் போனால் பழுது நன்றாகவே பிடிக்கும்.

முழுசாகக் கழன்று வந்திருந்தால் அந்தத் துண்டை உடனே குப்பையில் போடாமல் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். பல்லின் பக்கம் சுத்தமான டென்டின், துண்டின் அடியில் வழவழப்பான பாண்ட் என்றால் டென்டினோடு இருந்த ஒட்டுதான் போயிருக்கிறது. ஈரம், தேய்க்கும் நேரம், ஊதுவது, இந்த மூன்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். பல்லில் காம்போசிட்டின் ஒரு பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது, கடியையும் பல் கடிக்கும் பழக்கத்தையும் பாருங்கள். பார்த்ததை எந்த பாட்டில், எட்ச் எங்கே, டேம் போட்டோமா இல்லையா என்பதோடு சேர்த்து அந்த நோயாளியின் கேஸ் தாளில் எழுதி வையுங்கள்.